கொண்டை ஊசி வளைவுகளும் நம் பிள்ளைகளும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரத்தில், நம்மிடம் பயின்று சென்ற மாணவர் ஒருவரின் தாயார் துறைக்கு வந்திருந்தார். மகன் இளங்கலைத் தமிழ் முடித்தபின் ஒரகடம் பகுதியில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஈராண்டுகள் ஆகின்றன. இப்போது தவணையில் 350 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டானாம். நண்பர்கள் மூவருடன் ஏலகிரி மலைக்குப் போகத் திட்டமாம். அது முடிந்தால் அடுத்த ஆண்டு லடாக்காம். ஆசிரியர் சொல்லைத் தட்டமாட்டான், எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள் என்பது அந்தத் தாயின் வேண்டுகோள். உடன் வந்திருந்த மஹல்லாப் பெரியவர் ஒருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உயிரின் அருமை தெரியவில்லை" என்று தம் பங்குக்குச் சொல்லி வைத்தார்.

நாம் தடுக்கவில்லை. தாயின் கண்ணீரைக் கண்டும் ஏன் தடுக்கவில்லை என்று பின்னர்ச் சிலர் கேட்டனர். அவர்களுக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இம்மலரில் எழுதலாம் என்று தோன்றியது.

திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த நிலம் அது. இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என ஊர்தி சார்ந்த அனைத்தும் அங்கே உருவாகின்றன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு, 1955-இல் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்தது. நம் இராணுவம் எல்லைக் காவலுக்காகப் புல்லட் வண்டிகளை வாங்க முன்வந்ததே அதற்குக் காரணம். தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. பிள்ளையோ திருவொற்றியூரில் பிழைத்துக்கொண்டு, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் அருகிலுள்ள வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. யமஹா நிறுவனமும் 2015-இல் வல்லம் வடகாலில் தன் ஆலையைத் தொடங்கியது. லடாக்கின் பனிமலையில் ஏறும் வண்டிகளுள் பல, பனி என்பதையே அறியாத நம் செம்மண்ணில் பிறந்தவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலைவளைவுகளைக் கனவு காண்போருக்காக வண்டி செய்யும் இப்பகுதியில் குன்று என்று சொல்லத்தக்கது அரிது. வளைவு என்று சொல்லத்தக்கது அதனினும் அரிது. ஆறு வழிச் சாலை அம்பு விட்டாற்போல் ஓடுகிறது. மலையேறும் வண்டிக்குத் திருகாணி முடுக்கும் இளைஞன், பணி முடிந்ததும் நிறுவனப் பேருந்தில் ஏறி, ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை அறைக்குத் திரும்புகிறான். நம் மாணவர் ஒருமுறை சொன்னது இது: "ஐயா, ஒரு நாளில் எத்தனையோ வண்டிகள் என் கையைத் தாண்டிப் போகின்றன. ஒன்றுகூட எந்த ஊருக்குப் போகிறதென்று எனக்குத் தெரியாது." தான் செய்யும் பொருள் எங்கே போகிறது என்று ஒருநாள் தானே ஏறிச் சென்று பார்க்க விரும்புவதைக் குற்றம் என்று சொல்ல நம் நா எழவில்லை.

மேலும், இக்கனவு நம் இளைஞர்களை மட்டும் பற்றியதன்று. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் 1820-க்கும் 1825-க்கும் இடையே ஆஸ்திரியப் பேரரசு அமைத்த ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். படை நடத்துவதற்கென்று போட்ட அந்தப் பாதைக்கு இன்று ஐரோப்பாவெங்கும் இருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிகின்றன. அமெரிக்காவில் 11 மைல் தொலைவுக்குள் 318 திருப்பங்கள் கொண்ட சாலை ஒன்றை 'டிராகனின் வால்' என்றே அழைக்கின்றனர். நம்மவர்க்குக் கர்துங் லா. நீண்ட காலம் 18,380 அடி உயரம் என்று பெருமை பேசப்பட்டாலும், அளந்தவர்கள் சொல்வது 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,600 அடிதான். பெருமையில் எண்ணூறு அடி கூடிவிட்டது; இளமையில் அது இயல்பே.

அவ்வளவு தொலைவு போவானேன்? கொல்லிமலைக்கு 70 வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. சத்தியமங்கலத்துத் திம்பத்தில் 27. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. தமிழ் படித்தவனுக்கு இவற்றை வெறும் எண்களாக எண்ணிச் செல்ல முடியாது. குறிஞ்சி என்று ஒரு நிலத்தையே வகுத்து அதற்கு ஒழுக்கமும் பொழுதும் பூவும் பறையும் கண்ட இலக்கியம் நம்முடையது. கடையெழு வள்ளல்கள் எழுவரும் மலை நாட்டுத் தலைவர்களே. பாரிக்குப் பறம்பு, ஓரிக்குக் கொல்லி, ஆய்க்குப் பொதியில், காரிக்கு முள்ளூர். காரி ஏறிய குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை கூறும் செய்தி இது. தம் வண்டிக்குத் தம் பெயரையே வண்ணத்தில் எழுதிக்கொள்ளும் நம் மாணவர்களை நாம் ஏன் கேலி செய்வதில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஆயினும் பெரியவர்களின் அச்சம் பொருளற்றது என்று சொல்லத் துணியமாட்டோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களுள் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். போர்க்களத்தில் விழுந்தோரின் பட்டியல் போன்றது அது. நம் வருகைப் பதிவேட்டிலும் ஒரு பெயர் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் பயின்ற ஒருவன், இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் திரும்பும்போது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், பின்விளக்கின்றி நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி மாண்டான். குறுந்தொகைப் பாடல்களை ஏட்டைப் பாராமல் சொல்லக்கூடியவன். ஜனாஸாவுக்குச் சென்ற நாம், அவன் தந்தையின் முகத்தைப் பார்க்க இயலாமல் பள்ளிவாசல் தூணருகே நின்றுவிட்டோம்.

அவன் மலைக்குப் போகவில்லை. வேகப் போட்டியில் ஈடுபடவில்லை. வளைவே இல்லாத சாலையில், உறங்காத ஓர் இரவுக்குப் பின், வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஏலகிரிக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க நம்மிடம் வந்த பெற்றோர் பலர். இரவுப் பணி முடித்த பிள்ளை தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி வருகிறானே, அதைத் தடுங்கள் என்று வந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. அந்தப் பயணம் சம்பளத்தைக் கொண்டுவருகிறது. இந்தப் பயணம் மகிழ்ச்சியை மட்டுமே கொண்டுவருகிறது. நம் அச்சம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பெரியவர்கள் பொறுத்தருளி ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு முழுதும் உழைத்தவர் கடைசி ஊழியர் வரை பேருந்தில் வீடு சேர வேண்டும் என்று கேட்பதும், விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் லாரிகளை அகற்றுமாறு மனுக் கொடுப்பதும், ஒரு பிள்ளையின் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைப்பதைவிடப் பல உயிர்களைக் காக்கும் என்பது நம் கருத்து.

இனி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது. மலைப்பாதை வீரத்தைக் கேட்பதில்லை, பணிவைக் கேட்கிறது. இயற்பியல் துறை நண்பர் நமக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி 17 பாகை அளவு சாய்ந்தால் போதும். வேகம் 40 ஆனால் 50 பாகைக்கும் மேல் சாய வேண்டும். வேகம் இருமடங்கானால், திருப்பத்துக்கு வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. சருகும் மணலும் கசியும் நீரும் கிடக்கும் மலைச்சாலையில் அவ்வளவு சாய்வைத் தாங்கும் பிடிமானம் டயருக்குக் கிடைப்பதில்லை. திரைப்பட நாயகனுக்குக் கிடைப்பது வேறு கதை. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைப் பிடிப்பவன் காலம் கடந்து விழித்தவன். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாறு விட வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இதை அறியாதவர்கள் உரிமத்தை எவ்வாறு பெற்றார்கள் என்பது நமக்கு விளங்காத புதிர்களுள் ஒன்று. கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்ப்பவன் பள்ளத்துக்கே போவான். தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டு ஓட்டுவோரைப் பற்றி எழுதித் தாளை வீணாக்க விரும்பவில்லை.

இன்னொன்று, ஓசை. சைலன்சரைக் கழற்றிவிட்டு, மலை அதிர ஓட்டுவதை ஆண்மை என்று எண்ணும் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. வினை முடித்துத் தலைவியை நாடித் தேரில் விரையும் தலைவன், வழியில் பூத்த சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் மணியோசை கேட்டுக் கலங்குமோ என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கு அவசரம் இல்லையா? உண்டு. வேகம் இல்லையா? அதுவும் உண்டு. காட்டின் வழியே போகிறோம், அது பிறர் வீடு என்னும் நினைவும் கூடவே இருக்கிறது. அத்தேரைச் செலுத்தியவர்களின் மொழியைப் பேசும் நாம், திம்பம் மலைப்பாதையில் வனவிலங்குகள் அடிபட்டுச் சாகாதிருக்க 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்டு இரவுப் போக்குவரத்தைத் தடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம்.

இக்கருத்துகளை வகுப்பில் பேசியபோது மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, தாங்கள் சொன்ன அனைத்தும் ஆண்களுக்கு மட்டுமா?" என்று கேட்டார். அவருடைய அக்காள் திருப்பெரும்புதூரில் மின்னணு ஆலை ஒன்றில் பணிபுரிந்து விடுதியில் தங்கியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டுமாம். அவருக்கு மலை பார்க்க ஆசை இராதா என்பது கேள்வி. நம்மிடம் அப்போது தக்க விடை இல்லை, இப்போதும் இல்லை. தமிழ்த்துறையின் கல்விச் சுற்றுலாவைப் பேருந்தில் ஏலகிரிக்கு அமைக்கலாம், பழைய மாணவிகளும் உடன்பிறந்தோரை அழைத்து வரலாம் என்று மட்டும் முதல்வருக்கு எழுதியிருக்கிறோம். ஏலகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திருப்பெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி கடந்து பொன்னேரி அருகே மலையேறினால் 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்ற ஒருவர் பெயர். பாவேந்தர், பாரதியார், வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர் எழுவர். அவர்களைத் தொடர்ந்து வள்ளல்கள் எழுவர். மலைப்பாதையைப் பாடத்திட்டமாக்கிய அந்த அதிகாரி எவரோ, அவருக்கு நம் துறையின் சார்பில் ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

அந்தத் தாயிடம் நாம் மூன்று நிபந்தனைகளை மட்டும் சொல்லி அனுப்பினோம். இரவுப் பணி முடிந்த அன்று புறப்படக் கூடாது. பொழுது சாயுமுன் மலையிறங்கிவிட வேண்டும். நால்வரும் ஒருவரையொருவர் முந்தக் கூடாது. மகன் ஏற்றுக்கொண்டான். ஒரு ஞாயிறு, முற்பகல் பதினொரு மணியளவில், நம் கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் காற்றின் இரைச்சல்.

"ஐயா, ஏலகிரியிலிருந்து பேசுகிறேன். பாரி, ஓரி எல்லாம் தெரிந்தது. இங்கே பலகையில் நள்ளி என்று எழுதியிருக்கிறது. நள்ளி யார் என்று மறந்துவிட்டது."

வண்டியை வளைவில் நிறுத்தியிருக்கிறாயா என்று கேட்டோம். சற்றுத் தயங்கி ஆமாம் என்றான். முதலில் அதை வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு வா, பிறகு சொல்கிறோம் என்றோம். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் அழைத்தான். காட்டில் பசித்து அமர்ந்திருந்த புலவர்க்கு ஊன் சுட்டுக் கொடுத்து, அணிந்திருந்த முத்தாரத்தையும் கடகத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, யார் நீ என்று கேட்டபோது பெயரைச் சொல்லாமலே போனவன் நள்ளி என்றோம். மறுமுனையில் அவன் அதை நண்பர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.