குண்டலினிக்கு ஏன் அவசரம்? ஏறும் முன் இறங்கக் கத்துக்கணும்!

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதை நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில், 'ரெண்டே நாள்ல குண்டலினியை எழுப்பிடலாம்' என்ற ஆசையோடு வருபவர்களும் உண்டு. இந்த அவசரம்தான் ஆபத்து.

ரமணர் அப்படித்தானே உட்கார்ந்தார்?

1896 செப்டம்பர் 1-ல் 16 வயதில் இங்கு வந்த ரமணர், ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கத்தில் தன்னை மறந்து அமர்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் வெளியே தூக்கி வந்தார்கள். ஆனால், தேடி வந்தவர்களுக்கு அவர் அந்த வழியைச் சொல்லவில்லை. 'நான் யார்?' நூலில் அவர் வலியுறுத்துவது மிதமான சாத்விக உணவு. மூச்சை அடக்குவது மனதை அடக்க ஒரு துணை, அவ்வளவுதான் என்கிறார்.

படிப்படியா செய்றதுன்னா எப்படி?

வேதாத்திரி மகரிஷியின் எளிய குண்டலினி யோகம் நல்ல உதாரணம். உடற்பயிற்சியும் உண்டு, ஆசிரியர் முன்னிலையில் தீட்சையும் உண்டு. முதலில் புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவம். அடுத்து, கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவம். அதன் பிறகே துரியம். அதாவது, மேலே ஏறும் முன் இறங்கக் கற்றுத் தருகிறார்கள்.

பயப்பட வேண்டிய விஷயமா?

மூச்சு, மெதுவான அசைவு, கவனம் மூன்றையும் சேர்க்கும் சீனப் பயிற்சி சீகோங். அதை அளவுக்கு மீறிச் செய்து மனநலம் பாதிக்கப்படுவதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-ல் தன் கையேட்டிலேயே குறிப்பிட்டது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால், ஏற்கெனவே மனநல பாதிப்பு இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மருந்தை நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டாம்.

எப்போ நிறுத்தணும்?

தினமும் 10 நிமிடத்தில் ஆரம்பித்தால் போதும். தொடர்ந்து தூக்கம் வராமல் போனாலோ, காரணமில்லாத பயம் வந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். 'சக்தி ஏறுது, தாங்கிக்கோ' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

உங்கள் தூக்கம், நோய், மருந்து பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் 'குண்டலினியை எழுப்பித் தர்றோம்' என்று சொல்லும் வகுப்பில் பணம் கட்டாதீர்கள். மலை எங்கேயும் போகாது, மெதுவாகவே நடக்கலாம்.