மூன்று லெட்சுமிகள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இது புதுசில்லை. ஒரே அம்மா, பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சம்பளச் சீட்டில் இலட்சுமி. கணினியில் தேடினால் மூன்று பேர்!

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாகத் தொடங்கியது. ஆய்வு முடிந்ததும் இரண்டு மாணவர்கள் அதைத் திருத்தி வெளியே விட்டார்கள். இன்று அதன் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம். ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அதிலுள்ள பழைய சவுண்டெக்ஸ் முறை ஆங்கிலப் பெயர்களுக்கானது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் கைவிரித்துவிடும். யூத வம்சாவளி ஆய்வாளர்கள் இருவர் தங்கள் சமூகத்தின் பெயர்களுக்காக 1985இல் வேறொரு முறையை உருவாக்கினார்கள். 2023இல் அது போஸ்ட்கிரஸ் 16இல் சேர்ந்தது.

நாங்கள்? கலைப்பீடத்தில் லயம் லயமாகப் போய்ப் பெயர் எழுதி ஆய்வேடு கட்டுகிறோம், அது நூலகத்தில் தூங்குது. கணினி படிக்கிற நண்பர்களுக்குத் தரவுத்தளம் பரீட்சையோடு சரி. மொழியியல் படிக்கிறவங்களும் அவங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் மலையகப் பெயர்களுக்கு ஒலிவிதி எழுதலாமே. ‘பேரைத் திருத்திட்டு வாங்க’ என்று அந்த அம்மாவின் இன்னொரு நாள் கூலியைப் பறிப்பதைவிட அது கஷ்டமா?