சான்றிதழ் கேட்கும் வாசல்

காலாப்பட்டு சிறிய ஊர். ஆயினும் நம் நாட்டின் ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் ஒரே சாலையில் வரிசையாக நிறுத்திக் காட்டும் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1985 இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. மத்தியச் சிறைச்சாலையும் இங்கேதான். கடலோரத்தில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உடைமை இழந்து மீண்டெழுந்த மீனவர் குடியிருப்புகள். வடக்கே எல்லையைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்துவிட்ட ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம். இவற்றுக்கிடையே புதிது புதிதாய் எழும் கட்டடங்களின் அடியில், தகரக் கொட்டகைகளில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் உள்தமிழகத்திலிருந்தும் வந்து தங்கிக் கல்லும் மண்ணும் சுமப்போரின் குடும்பங்கள். கட்டடம் முடிந்ததும் கொட்டகை பிரிக்கப்படும். குடும்பம் அடுத்த ஊருக்குப் போகும். அக்குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளியின் மாணவன்? இக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை யாருக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 2002 ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையின் கல்வியையும் அடிப்படை உரிமையாக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அவ்வுரிமைக்கு உருக் கொடுத்தது. வயதுச் சான்று இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணமாக்கிச் சேர்க்கையைத் தள்ளிப்போடலாகாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் ஏற்க வேண்டும். படிப்பை இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்திச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று ஒன்பதாம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆதார் எண் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

ஆயின் ஒரு கை கொடுப்பதை மறு கை பறிக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம், அந்நாளிலிருந்து பிறக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாக்குகிறது. செங்கற்சூளையின் ஓரத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அத்தாளை எழுதித் தருவார் யார்? இன்னும் சில ஆண்டுகளில் அப்பிள்ளைகள் நம் பள்ளி வாசல்களில் வந்து நிற்பார்கள். அன்று ‘சான்றிதழ் எங்கே?’ என்னும் கேள்வி இன்றைவிடக் கூர்மையாக எழும்.

இடம்பெயர்வோரின் காலக்கணக்கும் பள்ளியின் காலக்கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. தைப்பொங்கல் முடிந்து சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புகின்றன. பள்ளியின் கடைசிப் பருவமும் ஆண்டுத் தேர்வும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. முன்பணம் வாங்கிய தகப்பன் பிள்ளையின் தேர்வுக்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே, அப்பிள்ளை சோம்பலால் தோற்பதில்லை, நாட்காட்டியால் தோற்கடிக்கப்படுகிறது.

புதுவையின் நில அமைப்பு இத்துன்பத்தை இரட்டிப்பாக்குகிறது. பிரெஞ்சு ஆட்சியின் மிச்சமாய்த் துண்டு துண்டாய்க் கிடக்கும் நிலம் இது. காலாப்பட்டில் சிறிது தூரம் நடந்தாலே ஆட்சியும் மாறும், பாடநூலும் மாறும். புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டு தொடங்கி மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அங்கே ஏழாம் வகுப்பில் பாதி படித்த பிள்ளை இங்கே வந்தால் புத்தகமே புதிது. ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்த பிள்ளையின் நிலையைச் சொல்லவே வேண்டா.

ஏதிலியர் பிள்ளைகளின் வழக்கு வேறு வகையானது. மொழி நம் மொழியே. ஆனால் 1991 மே மாதத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அவர்களது கல்விக்கு எதிராகவும் கதவுகள் அடைபட்டன. பின்னரே படிப்படியாகத் திறந்தன. அக்காலமுழுதும் 1984 இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், 1980 இல் தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் கல்விக்காக உழைத்தன என்பது நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய வரலாறு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த நலத்திட்டங்களில் மாணவர் உதவித்தொகை உயர்வும் இடம்பெற்றது. முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என மாறிற்று. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தராது. பட்டம் பெற்ற இளைஞனும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் அயலானாகவே நிற்கிறான். படிக்க விட்டுப் பயனை மறுக்கும் கல்வி அரைகுறை நீதியே.

இதுவரை அரசைக் குற்றஞ்சொன்னோம், அது எளிது. இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தபோது நம்மவர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். நலிந்த பிரிவினருக்கு இருபத்தைந்து விழுக்காட்டு இடம் ஒதுக்கும் கட்டாயம் நீங்கியது என்பதே அந்த நிம்மதியின் பொருள். ஆனால் நீங்கியது அது மட்டுமா? சான்றிதழ் இல்லாத பிள்ளையை ஏற்க வேண்டும், நடு ஆண்டில் வந்தவனைச் சேர்க்க வேண்டும் என்னும் மேற்சொன்ன காப்புகளும் அச்சட்டத்தில்தானே இருக்கின்றன! அவையும் நம்மைக் கட்டாமற் போயின. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பு சரிதானா என ஐயுற்றுப் பெரிய அமர்வின் ஆய்வை நாடியது. முடிவு எதுவாயினும், நீதிமன்றம் கட்டாயப்படுத்தினால்தான் நம் வாசல் திறக்கும் என்றால், அந்த வாசலின்மேல் சிலுவை எதற்கு?

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021 அறிக்கை, சிறுபான்மைப் பள்ளிகளில் பயில்வோருள் சமூக, பொருளாதார நிலையில் நலிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை என்றது. அவ்வாணையத்தின் நோக்கத்தை ஐயுற நமக்குக் காரணம் இருக்கலாம். குற்றஞ்சாட்டுபவன் பகைவன் என்பதாலேயே குற்றம் பொய்யாகிவிடாது. இந்த எண் நம்மை உறுத்த வேண்டும்.

அரசமைப்பின் முப்பதாம் பிரிவு நமக்குத் தந்த உரிமை விலைமதிப்பற்றது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எதற்காக அவ்வுரிமை என்றே கேட்கிறோம். 1844 இல் புதுவையில் கூடிய மறைச்சங்கம் கல்வியை மறைப்பணியின் நடுவில் வைத்தது. அதே ஆண்டில் பெத்தி செமினேர் பள்ளி தோன்றியது; அதே ஆண்டில் தந்தை துப்புயி அடிகளார் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையை நிறுவினார். பெண்ணுக்கு எழுத்தா என ஊரே நகைத்த காலம் அது. ஊர் ஒதுக்கியவரைத் தேடிச் சென்றதாலேயே நம் கல்விப்பணி மதிப்புப் பெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தந்த கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், பொருளில் வறியோர்க்கும், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தோர்க்கும், நம் நம்பிக்கைக்கு அயலார்க்கும் கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாக உதவ வேண்டுமென்றே பணிக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டு விளம்பரப் பலகை பற்றி அச்சங்கம் எதுவும் சொல்லவில்லை.

மறுப்புரைகள் வரும், அவை வெறும் சாக்குகள் அல்ல. ‘மூன்று மாதத்தில் போய்விடும் பிள்ளைக்காக வகுப்பைக் குலைப்பதா?’ என்பர் ஆசிரியர். மூன்று மாதத்தில் எழுத்தறிந்த பிள்ளை அவ்வெழுத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அது கொட்டகையோடு பிரிக்கப்படுவதில்லை. கேரளத்தில் எறணாகுளம் மாவட்டத்தில் 2017 இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், பிள்ளைகளின் தாய்மொழி அறிந்தவர்களைப் பள்ளிக்கு அழைத்து, காலை வேளையில் தனி வகுப்பு நடத்திக் காட்டியது. அமெரிக்காவில் 1987 இல் இயற்றப்பெற்ற மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, வீடற்ற மாணவனைத் தாள்கள் இல்லாவிடினும் பள்ளி உடனே சேர்த்தாக வேண்டும். தாள்களைத் தேடுவது பள்ளியின் வேலை. இரண்டும் மனித முயற்சிகளே.

‘முதலில் நம் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் செய்யுங்கள்’ என்பது அதைவிடக் கனமான மறுப்பு. அக்கடன் இன்னும் தீரவில்லை என்பது உண்மை. ஆனால் சூளையில் வேகும் குடும்பங்கள் எவை? பெரும்பாலும் தலித்துகளும் இருளர் முதலிய பழங்குடியினரும் அல்லரோ? இவை இரண்டு கடன்கள் அல்ல. ஒரே கடனின் இரு தவணைகள். ஒரு பசியை மறு பசிக்கு எதிராக நிறுத்துவது வயிறு நிறைந்தவரின் வாதம்.

மேலும், வந்தேறிகள் என்று யாரைச் சொல்கிறோம்? ரெயூனியோனுக்கும் மொரீசியசுக்கும் கூலிகளாய்க் கப்பலேறியவர்கள், சைகோனில் சிப்பாயாகவும் எழுத்தராகவும் வாழ்ந்தவர்கள் நம் புதுவை மக்களே. 1908 இல் பாரதி அடைக்கலம் தேடி வந்ததும் இவ்வூருக்கே. அடைக்கலம் பெற்றும் கொடுத்தும் வளர்ந்த ஊர் அடைக்கலம் மறுப்பது தன் பெயரையே மறுப்பதாகும்.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியவை உள்ளன. நம் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை என்னும் முடிவைப் பங்குப் பேரவைகள் மறைமாவட்டத்திடம் கேட்டுப் பெற வேண்டும். ஊரை விட்டுப் போகும் பிள்ளையின் கையில், அது கற்றவற்றைக் குறித்த சிறு ஏடு ஒன்றைப் பள்ளி தர வேண்டும். அன்பியங்கள் செபமாலைக்கு வீடு வீடாய்ப் போவதுபோல் கொட்டகைகளுக்கும் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அரசுப் பள்ளியிலேனும் சேர்த்துவிட வேண்டும். மறுத்தால் சட்டப் பிரிவைச் சுட்டி எழுத வேண்டும். திருவிழா வாணவேடிக்கைச் செலவில் பத்திலொரு பங்கை ஒதுக்கினால் மாலை வகுப்பு ஒன்று ஓராண்டு நடக்கும்.

ஆசிரியருக்கு எங்கே போவது? காலாப்பட்டில் அக்கேள்விக்கு இடமே இல்லை. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர் வந்து பயிலும் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விடுதியில் ஒடியா பேசும் முதுகலை மாணவனும் கொட்டகையில் ஒடியா பேசும் சிறுமியும் ஒரே சாலையில் வாழ்கிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். அவர்களை அறிமுகப்படுத்தச் சட்டம் வேண்டா, நிதி ஒதுக்கீடு வேண்டா. ஒரு பங்கின் முற்றமும், மாலையில் ஒரு மணி நேரமும், கேட்கத் துணிந்த ஒருவரும் போதும்.

பெத்லகேமில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்து, ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தையை ஆண்டுதோறும் குடிலில் வைத்து வணங்குகிறோம். எகிப்தில் அக்குழந்தையிடம் எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதாக நற்செய்தி சொல்லவில்லை. கேட்டிருந்தால் காட்ட அதனிடம் ஒன்றும் இருந்திராது. இறுதித் தீர்ப்பு நாளில் அந்நியனாய் வந்தபோது ஏற்றுக்கொண்டீர்களா என்று அவர் நம்மிடம் கேட்பார். சிறுபான்மையினர் என்பதால் எங்களுக்கு விலக்கு உண்டு என்னும் விடை அங்கே செல்லாது.