உலராத வெள்ளைக் கவுன்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாட்காலை என் இல்லாள் ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தார். விண்ணப்பம் என்று நான் சொல்லுகிறேன். அதில் கெஞ்சுதல் அதிகம் இல்லை. "பக்கத்து வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். இங்கே ஐந்து நாளாகக் கொடியில் கிடக்கும் உங்கள் வேட்டியை நீங்களே போய் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்" என்றார். முகர்ந்து பார்த்தேன். அதற்குமேல் வழக்காட எனக்கு மனம் வரவில்லை.

டிக்கோயாவை அறியாத அன்பர்களுக்கு இது விளங்காது. மார்கழி தொடங்கிச் சித்திரை வரையில் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஹட்டனில் இறங்கி, டிக்கோயா வழியாக நோர்வுட்டும் மஸ்கெலியாவும் கடந்து செல்வார்கள். அவர்கள் காண்பது நீலவானமும் பொன்வெயிலும். "என்ன அழகான ஊர்!" என்று வியந்து அவர்கள் இறங்கிப் போனபின், வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. அதன்பின் புரட்டாசி வரையில் நாங்கள் காண்பது வெண்பனிமூட்டமும் தூறலும், தூறல் நின்றால் மழையும். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். மேற்கிலிருந்து வரும் முகில் முட்டி நிற்கும் மலை. அருகிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. இலங்கையிலேயே மிக நனைந்த ஊர் என்று அதனைச் சொல்வார்கள். அதற்கு அண்டை வீட்டார் நாங்கள்.

துணி உலர்வதற்கு வெயில் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. உண்மையில் வேண்டுவது, ஈரத்தை வாங்கிக்கொள்ளும் வசதி காற்றில் இருத்தல். முப்பது பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். பதினேழு பாகையில் அதே அளவு காற்று ஏறக்குறைய 14 கிராமையே தாங்கும். பருவமழைக் காலத்து டிக்கோயாக் காற்று குளிர்ந்தது. அத்தோடு தான் தாங்கக்கூடிய அளவை முன்னமே உண்டு நிறைந்தது. வயிறு நிறைந்த விருந்தாளியிடம் இன்னொரு கவளம் நீட்டினால் என்ன ஆகும்? துணி கொடியிலே தொங்கும். ஈரம் துணியிலே தங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்கிற சட்டை, இங்கே மூன்று நாள் கிடந்து பூஞ்சணம் பிடிப்பதன் காரணம் இதுவே.

தமிழிலே இதற்கு எத்தனை சொற்கள்! துணி காய்கிறது, உலர்கிறது, புலர்கிறது. காய்தல் என்ற ஒரே சொல் வெயில் எரிப்பதற்கும் ஈரம் போவதற்கும் சினங்கொள்வதற்கும் நின்று பொருள் தரும். புலர்தல் என்றால் விடிதல். ஈரம் வற்றுதலும் அதுவே. நம் முன்னோர்க்கு விடிவதும் உலர்வதும் ஒருசேர நிகழ்ந்திருக்கவேண்டும். சங்கப் பாடல்களில் உவர்நிலத்துக் கிணற்று நீரால் ஆடை வெளுக்கும் பெண் வருகிறாள். அவள் ஆடையை உலர்த்த முடியாமல் வருந்தியதாக நான் படித்ததில்லை. அவள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. டிக்கோயாவிலோ விடியும், புலராது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். குளிரும் பனியும் உள்ள நாட்டிலேதான் அது பிறந்தது. 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர், அடுப்பின் சூட்டைக் கொண்டு துணி உலர்த்தும் சாதனமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வட டகோட்டாவைச் சேர்ந்த ரொஸ் மூர் என்பவர், உறைபனியில் வெளியே துணி விரிக்கும் துன்பத்தைச் சகியாமல், ஒரு கொட்டகையில் அடுப்பு மூட்டி அதற்குள் துணியை உலர்த்தினார் என்பார்கள். அவருடைய முயற்சி 1930களின் இறுதியில் விற்பனைக்குரிய பொறியாயிற்று. சுழலும் உருளைக்குள் துணி புரள, சூடேற்றிய காற்று அதனூடே பாய்ந்து ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

மந்திரம் இல்லையே தவிரச் செலவு உண்டு. அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஐந்து கிலோ துணியை இயந்திரத்தில் சுழற்றிப் பிழிந்த பின்னும் ஏறக்குறைய மூன்று கிலோ நீர் அதில் நிற்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரம் வேண்டும்; இது இயற்கையின் விலை, பேரம் பேச முடியாது. மூன்று கிலோவுக்கு இரண்டு அலகு. துணியையும் உருளையையும் சூடாக்குவதில் வீணாவதைச் சேர்த்தால், ஒரு முறைக்கு ஏறக்குறைய மூன்று அலகு. வாரத்தில் நாலு முறை என்றால் மாதத்துக்கு ஐம்பது அலகு. நம் நாட்டில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் படியேறும் என்பதை மின்சாரப் பட்டியல் பார்ப்போர் அறிவர். வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தும் புதுவகைப் பொறிகள் இதில் பாதி மின்சாரத்தோடு அடங்கும். ஆனால் அவற்றின் விலையைக் கேட்டபோது நான் கடைக்காரரிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துணியை நனைக்கிற அந்த மழைதானே மின்சாரமாகிறது? இந்த மலைகளில் விழும் மழையைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று 1918லேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துரைத்தார். லக்ஸபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவுக்குக் குறுக்கே காசல்றீ அணை 1965இல் எழுந்தது. அவர் பெயர் தாங்கிய மின்நிலையமும் அவ்வாண்டிலேயே வந்தது. எங்கள் தலைமேல் பெய்து, எங்கள் துணியை நனைத்து, நீர்த்தேக்கத்தில் கூடி, கம்பியில் ஏறி, எங்களிடமே பட்டியலோடு திரும்பி வருகிறது மழை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டும் நடந்தது.

இதுவரை எழுதியது என் வீட்டுக் கணக்கு. எழுதத் தூண்டியது வேறு.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நன்றாகப் படிப்பவள்; கையெழுத்து முத்துப்போல் இருக்கும். சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் அடிக்கடி வராமல் நின்றாள். வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் பெருகின. ஒரு நாள் வகுப்பின் முன்னிலையில் அவளை நிறுத்தி, சோம்பலைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தேன். அவள் தலை குனிந்து நின்றாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மணி அடித்த பின் அவளுடைய தோழி மட்டும் என்னிடம் வந்து, "சேர், அவளுக்கு ஒரே ஒரு கவுன்தான். நேற்று ராத்திரி காயவில்லை" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று மாலை பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கோடு விழுந்த நாட்கள் எல்லாம் விடாது மழை பெய்த நாட்கள். இருபது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு, குடையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தவனுக்கு, அது தோன்றவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். கவுன் உலர்ந்திருந்தது, புகை நாற்றம் வீசியது. பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

லயன் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாய்ப் பல காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஓர் அறை. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. துணியை வெளியே பீலிக்கரையில் அலசுவார்கள். வெயில் உள்ள மாதங்களில் வேலியிலும் புல்லிலும் விரிப்பார்கள். மழைக்காலத்தில் இஸ்தோப்பில் ஒரு கயிறு. அதில் கொழுந்தெடுத்து வந்தவர்களின் நனைந்த கம்பளியும் இடுப்புப் படங்கும் முதலில் இடம் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு வேலைக்குப் போக அவைதாமே வேண்டும்? பிள்ளையின் வெள்ளை உடுப்பு உள்ளே போய், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் ஏறும். விறகு ஈரம், ஆகையால் சூட்டைவிடப் புகை அதிகம். தாய் நடுச்சாமத்தில் எழுந்து ஒருமுறை திருப்பிப் போடுவாள். விடியற்காலையில் தோள்பட்டையும் விளிம்பும் இன்னும் ஈரமாக இருந்தால், இரும்புப் பெட்டியில் தணல் போட்டுத் தேய்ப்பாள். அதுவும் இல்லையேல் பிள்ளை அப்படியே உடுத்தி, உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொண்டு மலை இறங்கும். இளைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் புகையும் அந்த ஈரமும் என்ன செய்யும் என்பதை வைத்தியர்கள் சொல்லக் கேட்கலாம்.

1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாக வழங்கிவருகிறது, நல்ல காரியம். ஆனால் ஒரு சோடி உடுப்பு, உலரும் ஊருக்கே போதும். உலராத ஊரில் இரண்டாவது சோடி, கொடிக்கயிற்றைவிட அவசியமான பொருள்.

இந்தக் காம்பராவிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் ஸ்டோர் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நம் மக்கள் அப்படி அழைப்பார்கள். அங்கே கொழுந்துக்கு நடக்கும் உபசாரத்தைக் கேளுங்கள். பறித்த இலையில் எடையின் முக்காற்பங்குக்கு மேல் நீர். அதனை மேல்மாடிகளில் சணல்துணி விரித்த தட்டுகளில் பரப்பி, பக்குவமான காற்று விட்டுப் பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் வாட்டுவார்கள். பிற்காலத்தில் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தன. உருட்டி, நிறம் மாறவிட்ட பின், ஏறக்குறைய நூறு பாகைச் சூட்டுக் காற்றில் இருபது நிமிடம் உலர்த்தினால் நீர் நூற்றுக்கு மூன்றாகக் குறையும். இந்தச் சூட்டுக்காற்றுப் பொறியை ஆக்கியவர்களில் தலையாயவர் சாமுவேல் டேவிட்சன். அஸாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவினார். தம் பொறிக்கு அவர் சூட்டிய பெயர் சிறொக்கோ. சஹாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக்கடலை நோக்கி வீசும் வெங்காற்றின் பெயர்.

பாலைவனத்துக் காற்றை இந்த ஈரமலைக்குக் கொண்டுவந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அது இலைக்காக வந்தது. இலையை உலர்த்தத் தெரியாமல் போயிருந்தால் தேயிலை இல்லை, தோட்டம் இல்லை. இலையைக் கிள்ளியவளின் துணி உலராமற் போனால் ஒருவர் கணக்கும் குறையவில்லை. ஆகையால் அதைப்பற்றி ஒருவரும் கணக்குப் போடவுமில்லை. ஸ்டோரின் கொதிகாற்றில் ஒரு சிறு பங்கைத் திருப்பி, தொழிலாளர் துணிக்கு ஓர் அறை கட்டுவது பொறியியலில் பெரிய வித்தையன்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகளாயின. அப்படி ஒரு மாடி, ஒரே ஒரு மாடி, கொடிகட்ட வாய்க்காதா என்று எனக்கு ஏக்கம்.

உலர்த்தும் இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு, தனியே உத்தியோகம் பார்க்கும் தாய், இவர்களுக்கு அது ஆடம்பரமன்று. வெயிலிலே உலர்ந்த துணியின் மணமும் கிருமியைக் குறைக்கும் அதன் கதிரும் இயந்திரத்தில் கிட்டா என்பதும் மெய். ஆனால் வெயில் இல்லாத மாதத்தில் அதைச் சொல்வது பசித்தவனுக்கு விருந்தை வருணிப்பதாகும். அமெரிக்காவிலே வேறொரு விநோதம்: சில குடியிருப்புகளில் வெளியே துணி காயப்போடுதல் அழகைக் கெடுக்கும் என்று தடை செய்தார்கள், வெர்மான்ட் மாநிலம் 2009இல் சட்டமியற்றி, கொடிகட்டும் உரிமையைப் பாதுகாக்கவேண்டி வந்தது. அங்கே வெயில் உண்டு, கொடிக்கு உரிமை இல்லை. இங்கே கொடிக்கு உரிமை உண்டு; கூரையில்லை.

என் வீட்டில் முடிந்த சமாதானம் இது. இயந்திரம் வாங்கவில்லை, துணியைச் சுழற்றிப் பிழியும் பொறி மட்டும் வாங்கினோம். ஐந்து நிமிடச் சுழற்சிக்கு மின்சாரம் மிகச் சொற்பம். கை பிழிந்து விடுகிற நீரில் பெரும்பங்கை அது எடுத்துவிடுகிறது. நீரை ஆவியாக்குவதைவிட உதறித் தள்ளுவது எவ்வளவோ மலிவு. வீட்டின் பின்புறத்தில் ஒளி புகும் தகடு போட்ட ஒரு சாய்ப்பு இறக்கி, இரண்டு பக்கத்தையும் காற்றுக்குத் திறந்துவிட்டோம். மூட்டமான நாளிலும் ஒன்றரை நாளில் துணி உலர்கிறது. ஏழு பேர்ச் காணியில் புதுவீடு கிடைத்திருக்கும் தோட்டத்து அன்பர்கள், அடுக்களைக்கு முன்பே இப்படியொரு சாய்ப்பைப் பற்றி யோசிப்பது நன்று. லயனில் உள்ளவர்களுக்கு, வரிசைக்கு ஒன்றாகப் பொதுவில் ஓர் உலர்த்தும் கொட்டகை போட, தகடும் மரமும் சில நாள் உழைப்பும் போதும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்றே நம்பி எழுதுகிறேன்.

பாடசாலையில் ஆசிரியர் கூட்டத்தில் இதனைப் பேசினேன். உடுப்பு உலராத நாளில் பிள்ளைகள் நிற உடுப்பில் வரலாம், காரணம் கேட்கவேண்டாம் என்று அதிபர் இசைந்தார். ஒழுங்கு கெட்டுவிடும் என்று இருவர் ஆட்சேபித்தனர். அந்தத் தவணையின் மீதி நாட்களில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் அப்படி வந்தார்கள். ஒழுங்கு எங்கும் போகவில்லை.

அந்த மாணவி ஒரு மழைக்காலையில் மஞ்சள் சட்டையும் பழைய பாவாடையுமாக வந்து, முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன் சேர்" என்றாள்.