காதுக்கு எதுக்கு கலர் லைட்டு?

"மாப்ளே, பின்னாடி வர்றான்டா!"

2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தும் ஹாஸ்டலில் இந்தச் சத்தம் மட்டும் ஓயவில்லை. ஆட்டத்தின் பெயர்தான் மாறியது.

நண்பர்களே! ஹெட்செட் வாங்கப் போனால் கடைக்காரர் "7.1 சரவுண்டு, கலர் லைட்டு" என்கிறார். நாமும் நம்ம ஊர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பெரும்பாலான செட்டுகளில் உள்ளே இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மீதி சாஃப்ட்வேர் வித்தை! எதிரியின் காலடி இடமா வலமா என்று தெரிய அந்த இரண்டே போதும்.

ப்ளூடூத்தில் சத்தம் பிந்தி வரும். மைக்கை ஆன் செய்தால் பல செட்டுகள் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நான் ஒயர் கட்சி. ஒரே ஜாக்கில் மைக்கும் வேண்டுமென்றால் அதில் மூன்று வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மைக்தான் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும். நம்ம ரூம் ஃபேனின் கடகட குறையாது! வாயருகே வளைந்து நிற்கும் மைக் போதும். மேஜையில் வைக்கும் கண்டன்சர் மைக் என்றால் மெஸ்ஸில் தட்டு கழுவுவதுகூட எதிரிக்குக் கேட்கும்.

போன செமஸ்டரில் ராத்திரி பூரா ஃபுல் வால்யூம் வைத்தேன். காலையில் ஒர்க்‌ஷாப்பில் சார் கூப்பிட்டது கேட்கவில்லை, காதில் 'ஙொய்' என்றது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதை நன்றாக மூடும் மெத்தை இருந்தால் வால்யூமைக் கூட்டவே வேண்டாம். லைட்டுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்கலாம்.

கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்டு அப்பா கொடுத்தது 2,000 ரூபாய். ஹெட்செட்டுக்கு 900. மீதியில் டிராஃப்டர் வாங்கிவிட்டேன்.