கண்ணைப் பழக்கினால் பந்து தெரியுமா?

வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். கையை விட்டுப் பந்து கிளம்புகிறது. மணிக்கு 144 கிலோ மீட்டர் வேகம். அதாவது, ஒரு விநாடிக்கு 40 மீட்டர். பந்து கிளம்பும் இடத்துக்கும் மட்டையுடன் நிற்பவருக்கும் நடுவே சுமார் 18 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை விநாடி கூட இல்லை!

அதிலும் ஒரு பங்கு கழிந்து விடும். கண் பார்த்த செய்தி மூளைக்குப் போக வேண்டும். மூளை கைக்குக் கட்டளை போட வேண்டும். அதற்கே சுமார் 0.2 விநாடி ஆகிறது. மிச்சம் இருக்கிற நேரத்தில் காலை நகர்த்தி, மட்டையை வீசி, பந்தைச் சந்திக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது. கண்ணைப் பழக்கி விட்டால் போதுமே!" என்று யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தை வைத்து இன்று பல நாடுகளில் பெரிய வியாபாரமே நடக்கிறது.

சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருப்பார்கள். அதில் நிறைய விளக்குகள். எந்த விளக்கு எரிகிறதோ, அதைச் சட்டென்று தட்ட வேண்டும். இது ஒரு வகை. மாட்டிக் கொண்டால் காட்சி தெரிந்தும் மறைந்தும் மின்னும் கண்ணாடி இன்னொரு வகை. மூக்கு நுனியிலிருந்து ஒரு கயிற்றைக் கட்டி, அதில் கோத்த வண்ண மணிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கச் சொல்வதும் உண்டு. செல்போனில் விளையாடும் "கண் பயிற்சி"க்கும் குறைவில்லை.

பிள்ளையை விளையாட்டுப் பயிற்சியில் சேர்த்து விட்டு, மாதா மாதம் பணம் கட்டும் பெற்றோருக்கு இதைப் பார்த்ததும் ஒரு கவலை வரும். "இதையும் வாங்கிக் கொடுத்தால்தான் பையன் முன்னுக்கு வருவானோ?" என்பதே அந்தக் கவலை. பணத்தை எடுப்பதற்கு முன் விஞ்ஞானிகள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று பார்த்து விடுவோம்.

கண் எங்கே பார்க்கிறது?

"பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லும் பாடம். நல்ல ஆட்டக்காரர்கள் நிஜமாகவே அப்படித்தான் செய்கிறார்களா?

இங்கிலாந்தில் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சோதித்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பேரை மட்டை பிடிக்கச் சொன்னார்கள். ஒருவர் தொழில் முறை ஆட்டக்காரர். ஒருவர் நன்றாக ஆடும் அமெச்சூர். மூன்றாமவர் சுமாராக ஆடுபவர். கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் படம் பிடிக்கும் சிறு காமிராவை அவர்கள் தலையில் பொருத்தினார்கள். இயந்திரம் பந்து வீசியது.

முடிவு விசித்திரமாக இருந்தது. பந்து கிளம்பும்போது கண் அதைப் பார்க்கிறது. உடனே பந்தை விட்டு விட்டு முன்னால் தாவி விடுகிறது! பந்து தரையில் எங்கே குத்தும் என்று கணித்து, அந்த இடத்தில் போய்க் காத்திருக்கிறது. பந்து அங்கே வந்து சேர்ந்ததும் மறுபடியும் அதைப் பிடித்துக் கொள்கிறது.

பஸ்ஸைத் துரத்திக் கொண்டு ஓடுகிறவன் ஒருவன். பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்து, முன்னாலேயே அங்கே போய் நிற்கிறவன் இன்னொருவன். கண் இந்த இரண்டாவது ஆள் மாதிரி வேலை செய்கிறது. மூன்று பேர் கண்ணும் தாவியது. ஆனால் திறமைசாலியின் கண் முந்தித் தாவியது. சுமாராக ஆடுபவரின் கண் தாமதமாகத் தாவியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பந்து கிளம்புவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்து விடுகிறது என்பது இன்னொரு சங்கதி. ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2006-ல் வெளியாயிற்று. பந்து வீசுபவரின் படத்தைத் திரையில் ஓட விட்டு, பந்து கையை விட்டுப் போகும் முன்பே நிறுத்தி விடுவார்கள். "என்ன பந்து வரும், சொல்லுங்கள்" என்பார்கள். புதியவர்கள் விழித்தார்கள். தேர்ந்தவர்களோ, வீசுபவரின் கையையும் மணிக்கட்டையும் பார்த்தே பல தடவை சரியாகச் சொன்னார்கள்.

பாட்மிண்டனிலும் இதே கதைதான். 1987-ல் வந்த ஆராய்ச்சி ஒன்று, புதியவர்கள் எதிராளியின் ராக்கெட்டை மட்டும் பார்க்கிறார்கள் என்றும், தேர்ந்தவர்கள் அதைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்துப் படிக்கிறார்கள் என்றும் கண்டது. "படிக்கிறார்கள்" என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள், பழகப் பழக ஒரே பார்வையில் முழு வார்த்தையையும் படித்து விடுகிறோம் அல்லவா? கண் கூர்மையாகி விட்டதாலா அப்படிப் படிக்கிறோம்? இல்லை. பழக்கம்!

பிராட்மனின் கண்

உலகமே வியந்த ஆட்டக்காரர் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன். 52 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர். அவருடைய சராசரி 99.94 ரன். இரண்டாவது உலகப் போரின்போது அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கண்ணைச் சோதித்தவர்கள் திகைத்தார்கள். அவருக்குப் பார்வை குறைவு என்று தெரிந்தது! போர் முடிந்து, மறுபடியும் ஆட வந்து, சதம் மேல் சதம் அடித்தார்.

சிறுவயதில் அவர் ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிப்பாகத்தில் கோல்ப் பந்தை எறிவார். அது எந்தப் பக்கம் திரும்பி வருமோ தெரியாது. அதை மட்டையால் அல்ல, ஒல்லியான ஸ்டம்பால் அடிப்பார். இப்படியே மணிக்கணக்கில்! விளக்குப் பலகை ஒன்றும் அப்போது கிடையாது.

பட்டோடியின் கதை இதைவிடப் பெரியது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருக்கு வலது கண் பார்வை போயிற்று. அப்போது வயது 20. மறுபடி மட்டை பிடித்தபோது, ஒரு பந்துக்குப் பதில் இரண்டு பந்துகள் தெரிந்தன என்றும், உட்பக்கம் தெரிந்ததையே அடித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்குள் டெஸ்ட் ஆட வந்து விட்டார். 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் எடுத்தார். அதுதான் அவருடைய முதல் டெஸ்ட் சதம். அதே ஆண்டில், 21 வயதில், இந்திய அணிக்குக் காப்டனாகவும் ஆனார்.

வியாபாரிகள் சொல்வது

கருவி விற்பவர்களும் ஆதாரம் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கு 2011 பருவத்துக்கு முன்பு கண் பயிற்சி கொடுத்தார்கள். அணியின் அடிக்கும் சராசரி 0.251-லிருந்து 0.285 ஆக உயர்ந்தது. நல்ல உயர்வுதான். ஆனால் அந்த அணியில் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து விட்டார்கள். பயிற்சி பெறாமல், ஒத்துப் பார்க்க ஒரு பகுதியை விட்டு வைக்கவில்லை. மருந்து சாப்பிட்டவனுக்கு ஜுரம் இறங்கியது. சாப்பிடாமல் இருந்திருந்தால் இறங்கியிருக்காதா? யார் சொல்ல முடியும்?

ஒத்துப் பார்த்துச் செய்த சோதனையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னதியும் ஜோன் உட் என்பவரும் 2001-ல் வெளியிட்டது அது. 40 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்குக் கடையில் விற்கும் இருவகைக் கண் பயிற்சிகள். ஒரு குழுவுக்கு டென்னிஸ் பற்றிப் படிப்பதும் பார்ப்பதும்தான் வேலை. கடைசிக் குழுவுக்கு ஆட்டப் பயிற்சி மட்டும். முடிவில் எல்லோரும் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். கண் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தனியாக மேலே போய் விடவில்லை!

விளக்கைத் தட்டப் பழகினால் விளக்கைத் தட்டுவதில் கெட்டிக்காரன் ஆகலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம் மைதானத்துக்கு வருமா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை, வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு.

செல்போன் பயிற்சி ஒன்று அமெரிக்காவில் வசமாக மாட்டிக் கொண்டது. "அல்டிமைஸ்" என்று பெயர். பார்வை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்தார்கள். "சொன்னதற்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை" என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2015-ல் பிடித்தது. 1,50,000 டாலர் கட்ட விற்பனையாளர்கள் ஒப்புக் கொண்டார்கள்.

பலிக்கும் பயிற்சி

அதற்காகக் கண்ணைப் பழக்குவதே வீண் என்று தள்ளி விடக் கூடாது. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் அம்மையார், கூடைப்பந்து ஆடுபவர்களின் கண்ணை ஆராய்ந்தார். குறி தவறாதவர்கள், பந்தை எறியும் முன் வளையத்தில் ஒரே இடத்தைச் சுமார் ஒரு விநாடி அசையாமல் பார்க்கிறார்கள். குறி தவறுபவர்களின் கண்ணோ அலைபாய்கிறது. ஒரு பெண்கள் அணிக்கு இப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தபோது, இரண்டு பருவங்களில் நூற்றுக்கு 54 ஆக இருந்த வெற்றி சுமார் 77 ஆக ஏறியது.

இதற்குக் கருவி வேண்டாம். வளையமும் பந்தும் போதும். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித் தரும் ஆசிரியர் வேண்டும். கிரிக்கெட் ஆடும் பிள்ளைக்கும் இயந்திரப் பந்து மட்டும் போதாது. இயந்திரத்துக்குக் கையும் கிடையாது, மணிக்கட்டும் கிடையாது. பிள்ளை எதைப் பார்த்துப் படிப்பான்? ஓடி வந்து வீசும் மனிதனையே பார்த்துப் பழக வேண்டும்.

முதலில் கண் டாக்டர்

"பிராட்மனுக்கே பார்வை குறைவு. என் பையனுக்கு எதற்குக் கண்ணாடி?" என்று கேட்டு விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில், நன்றாக ஆடுபவர்களுக்குப் பார்வையை மங்கச் செய்யும் லென்ஸ் பொருத்தி ஆடச் சொன்னார்கள். கொஞ்சம் மங்கியபோது ஆட்டம் குறையவில்லை. மிகவும் மங்கியபோது குறைந்தது. வேகமான பந்துக்கு இன்னும் சீக்கிரம் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே பழகித் தேர்ந்தவர்கள். ஆட்டத்தை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு, பந்து வீசுபவரின் மணிக்கட்டே தெரியாவிட்டால் எதைக் கற்பான்?

கிட்டப்பார்வை உள்ள பிள்ளை தனக்குக் குறை இருப்பதாகச் சொல்லாது. உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டிருக்கும். "இவனுக்குக் கை வரவில்லை" என்று ஓரத்தில் உட்கார வைத்து விடுவார்கள். கரும்பலகை தெரிய முன்னால் நகர்கிறானா, டி.வி.யைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா என்று கவனியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைவாக இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். நல்ல கண் வேலையைச் செய்து விடுவதால் வெளியே தெரியாது. ஒரு கண்ணைக் கையால் மூடிக் கொண்டு, தூரத்தில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கண் டாக்டரிடம் போங்கள். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

கண்ணாடி எழுதிக் கொடுத்தால், விளையாடும் பிள்ளைக்குச் சாதாரண வில்லை வேண்டாம். பாலிகார்பனேட் வில்லை என்று கேட்டு வாங்குங்கள். பந்து பட்டாலும் சில்லாக உடைந்து கண்ணில் குத்தாது. ஓடும்போது கழன்று விழாமல், தலைக்குப் பின்னால் பட்டி வைத்துக் கட்டித் தரவும் சொல்லுங்கள்.