என்வலப்பு வேண்டாம், விலையைத் தாருங்கள்

"எங்கட சனம் வாசிக்காது." இந்த வாக்கியத்தைப் பல வருடங்களாக நாம் வேதம் போல ஓதி வருகிறோம். இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. நானும் ஓதியவன்தான். எனது முதலாவது சிறுகதைத் தொகுதி அச்சாகி, 300 பிரதிகள் சென்னையிலிருந்து பெட்டிகளில் வந்து நிலக்கீழ் அறையில் அடுக்கப்பட்ட பின்னர்தான், இது எவ்வளவு வசதியான பொய் என்பது விளங்கியது.

முதலில் வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, அகவணக்கம், ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை. ஆய்வுரை செய்தவர் முதலாவது கதையைத் தாண்டவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னர் 'சிறப்புப் பிரதி'. பெயர் அழைக்கப்பட்டவர்கள் மேடைக்கு வந்து, என்வலப்பைத் தந்து, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கையெழுத்திடவென்று புதுப் பேனா வாங்கி வைத்திருந்தேன். அதைத் திறக்க வேண்டி வரவில்லை. இரவு கதிரைகளை அடுக்கும்போது மூன்று புத்தகங்கள் கிடந்தன. ஒன்று சிறப்புப் பிரதி. அதற்குக் கட்டிய நாடாகூட அவிழ்க்கப்படவில்லை.

இதற்குப் பெயர் விற்பனை அல்ல, மொய். மொய் எழுதியவர் பந்தியில் இருந்தால் போதும், மாப்பிள்ளையை ஆராயத் தேவையில்லை. என்வலப்புக்குள் இருப்பது புத்தகத்தின் விலை அல்ல. அதை வாசிக்காமல் விடுவதற்கான அனுமதிக் கட்டணம்.

அடுத்ததாகக் கடைகள். தமிழ்ப் புத்தகத்துக்கென்று ஒரு கடை எமக்கு வாய்க்கவில்லை. அரிசி மூட்டைக்கும் மரக்கறிப் பெட்டிக்கும் இடையில்தான் இலக்கியத்துக்கு இடம் கேட்க வேண்டும். ஒரு முதலாளி புத்தகத்தைத் தொடாமலே இருபது பிராங்கை நீட்டினார். "உதவியா வைச்சிருங்கோ தம்பி." இன்னொருவர் சொன்னார்: "முருங்கைக்காய் வாடினால் எறியலாம். உங்கட புத்தகத்தை எறியேலுமோ? கணக்கு ஆர் பாக்கிறது?"

அன்றைக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். முருங்கைக்காய் கொண்டு வருபவன் சிட்டை கொண்டு வருகிறான். நான் கொண்டுபோனது என் பெருமிதத்தை மட்டுமே. கழிவு எத்தனை வீதம், விற்காததை எப்போது திருப்பி எடுப்பது, ஒன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்றாவது கடைக்குச் சிட்டையுடன் போனேன். முப்பது வீதக் கழிவு, மூன்று மாதத் தவணை. பத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் தந்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஆறு விற்றன. ஒருவர் மகளின் பெயருக்குக் கையெழுத்துக் கேட்டார். "அவ தமிழ் வாசிப்பாவோ?" என்றேன். "தன்ர பேரை வாசிப்பா" என்றார். எழுத்துக் கூட்டி வாசிக்கக் கூடியதாகப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

இன்னொருவர் உணவகக் குசினியில் வேலை செய்பவர். இருபது பிராங் கூடவென்று தர்க்கித்தார். பத்து நிமிடம் நின்றபடியே வாசித்தார். பிறகு வாங்கினார். மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார். "மூண்டாவது கதையில கோப்பை கழுவுற மெசினுக்குள்ள குசினிக் கத்தியைப் போடுறான். அப்பிடிப் போடுறேல்லை, கூர் போயிடும். நீர் குசினியில நிண்டனீரோ?" எனது புத்தகத்துக்குக் கிடைத்த ஒரேயொரு விமர்சனம் இதுதான். விலை கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான். மொய் எழுதியவன் கேட்பதில்லை.

இது புதுமையான சங்கதியும் அல்ல. டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகையைத் தொடங்கி, யாழ்ப்பாணத் தெருக்களில் தானே சுமந்து விற்று, நானூறு இதழ்களைத் தாண்டி நடத்தினார். அதை அவர் வெட்கம் என்று நினைக்கவில்லை. 1988இல் ஜேர்மனியின் ஹேர்ண நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு பொன்னாடையால் வளர்ந்ததல்ல, சண்டையால் வளர்ந்தது. சுவிசில் 'மனிதம்' வெளிவந்த காலத்திலும் வாசகர் என்றால் வாதாடுபவர் என்றுதான் அர்த்தம்.

நாம் வாழும் இந்த நாட்டையும் பாருங்கள். புத்தகத்துக்கு நிலையான விலை வேண்டுமா என்று 2012 மார்ச் 11இல் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். 56 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். முடிவு சரியோ பிழையோ, ஒரு புத்தகத்தின் விலை ஒரு நாட்டின் விவாதமானது. எமது விழாக்களில் புத்தகத்தின் விலையை உரத்துச் சொல்வதே மரியாதைக் குறைவு. பேர்ணில் உள்ள தேசிய நூலகம் 1895இலிருந்து இந்த நாட்டில் வெளியாகும் நூல்களைச் சேர்க்கிறது. இங்கே பதிப்பித்த தமிழ்ப் புத்தகத்தை அங்கே அனுப்பியவர்கள் எம்மில் எத்தனை பேர்? 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்காக வருடா வருடம் கண்ணீர் விடுகிறோம். கதிரையில் விட்டுப்போகும் புத்தகத்துக்கு யார் நெருப்பு வைத்தது?

எழுதுபவர்களே, விலையைப் போடுங்கள், சிட்டை எழுதுங்கள், சும்மா கொடுக்காதீர்கள். கடைக்காரர்களே, உதவி வேண்டாம், ஒரு தட்டுத் தாருங்கள். வாசகர்களே, என்வலப்பை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். விலையைக் கேளுங்கள். கூடவென்றால் சண்டை பிடியுங்கள். வாசித்த பிறகு இன்னொருமுறை சண்டை பிடியுங்கள்.

கத்தியை அடுத்த பதிப்பில் மெசினுக்கு வெளியே எடுத்துவிடுகிறேன்.